சைக்கிளில் பூட்டிய எஞ்சின் ஆடுகிறதா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

சைக்கிளில் எஞ்சின் பூட்டியவர்கள் பட்டறைக்குக் கொண்டு வரும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: “எத்தனை முறை இறுக்கினாலும் நட்டு நிற்கவில்லை.” சந்தூர், காவேரிப்பட்டணம் பக்கத்து மாந்தோப்புகளிலிருந்து வருகிறவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள், பாலக்கோட்டுத் தக்காளித் தோட்டக்காரர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். கையில் ஸ்பேனர் இருக்கும், நட்டின் மூலைகள் மழுங்கியிருக்கும், எஞ்சின் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும். இறுக்குவது இதற்கு வைத்தியமே அல்ல. எஞ்சினைச் சைக்கிளோடு பிடித்துவைக்கும் தாங்கி ஃப்ரேம் குழாயில் முழுதாக உட்கார்ந்திருந்தால் சாதாரண நட்டும் நிற்கும். உட்காராவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய நட்டும் நிற்காது. கீழே எந்த அறிகுறியைப் படித்தாலும் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பேசுவது, தனித்தனி உதிரியாக ஒரே பெட்டியில் வரும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களைப் பற்றி. 48 சிசி ஒன்று. 80 என்று சொல்லி விற்கப்பட்டாலும் உண்மையில் 66 சிசி அளவே உள்ள இன்னொன்று. சைக்கிள், இரும்பு ஃப்ரேம் கொண்ட குரூசர் வகை: அகலமான டயர், வளைந்த பார், பருத்த கீழ்க்குழாய் (ஹேண்டில்பாரின் அடியிலிருந்து பெடல் அச்சுக்கு இறங்குவது).

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(28) பிரிவு, நான்கு சக்கரத்துக்குக் குறைவான வண்டிகளில் 25 சிசிக்கு மேற்படாத எஞ்சின் உள்ளவற்றை மட்டுமே மோட்டார் வாகனம் என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது. 48 சிசி பூட்டியவுடன் உங்கள் சைக்கிள் சட்டத்தின் கண்ணில் மோட்டார் வாகனம். பதிவும் காப்பீடும் உரிமமும் இல்லாமல் அதைப் பொதுச் சாலையில் ஓட்டக் கூடாது. தோப்புக்குள்ளும் சொந்த நிலத்திலும் ஓட்டுகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

கை வைக்கும் முன்

எஞ்சின் முழுதும் ஆறியிருக்க வேண்டும். பெட்ரோல் குழாயை மூடுங்கள், ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றுங்கள், பின் சக்கரம் தரையைத் தொடாதபடி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். 10, 13 எண் ஸ்பேனர்கள், ஒரு மார்க்கர் பேனா, உப்புத்தாள், அரைவட்ட அரம் போதும். இறுக்கும் வலுவை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர் ஒன்று இரவல் கிடைத்தால் மிக நல்லது.

அறிகுறி 1: தாங்கி நட்டுகள் தளர்ந்துகொண்டே இருக்கின்றன

எது நகர்கிறது என்று தெரியாமல் எதையும் இறுக்காதீர்கள். கண்டுபிடிக்க மார்க்கர் போதும். இறுக்கிய நட்டின் மேலிருந்து தொடங்கி, ஸ்டட்டின் (எஞ்சினில் திருகியிருக்கும் தலையில்லாத போல்ட்டின்) முனை, வாஷர், தாங்கி எல்லாவற்றையும் கடந்து எஞ்சின் உடல் வரை ஒரே நேர்க்கோடு போடுங்கள். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, நான்கு இடத்திலும் போடுங்கள். தாங்கியும் குழாயும் சேரும் இடத்தில் குறுக்கே இன்னொரு கோடு. பிறகு தோப்பைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள்.

*நட்டின் மேலுள்ள கோடு மட்டும் திரும்பியிருந்தால்:* நட்டுதான் சுற்றுகிறது. இதுதான் மிகச் சுலபமான கோளாறு. ஸ்பிரிங் வாஷர் தட்டையாகிப் போயிருந்தால் தூக்கி எறியுங்கள். ஸ்டட்டையும் நட்டையும் பெட்ரோலால் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டாமல் உலரவிட்டு, நீல நிறத்தில் வரும் நடுத்தர வலிமைப் பூட்டுப் பசையை மரையில் இரண்டு சொட்டு விட்டு இறுக்குங்கள். ஒரு நாள் முழுதும் வண்டியைத் தொடாதீர்கள். பசை முழுதாக இறுக அவ்வளவு நேரம் ஆகும். சிவப்பு நிறப் பசை வேண்டாம். அடுத்த முறை கழற்ற நெருப்புக் காட்ட வேண்டியிருக்கும். உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டு கீழே உள்ள தாங்கிகளுக்கு நல்லது. சிலிண்டர், சைலன்சர் பக்கம் அதைப் போடாதீர்கள். 120 டிகிரிக்கு மேல் நைலான் இளகிவிடும்.

*நட்டும் ஸ்டட்டும் சேர்ந்தே திரும்பியிருந்தால்:* ஸ்டட் எஞ்சின் உடலிலிருந்து வெளியே வருகிறது. நட்டை மட்டும் இறுக்குவதால் இது நிற்காது. ஸ்டட்டை வெளியே எடுத்து, துளையைச் சுத்தம் செய்து, பசையை ஸ்டட்டின் உள்முனையில் இட்டு, இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கி அவற்றைப் பிடித்துத் திருகி உட்கார வையுங்கள். விரலால் ஆட்டும்போது ஸ்டட் லொடலொடவென்று ஆடினால் மரை போய்விட்டது. மூன்றாவது அறிகுறிக்குப் போங்கள்.

*நட்டுக் கோடு எதுவும் நகரவில்லை, ஆனால் குழாயின் குறுக்குக் கோடு விலகியிருக்கிறது என்றால்:* எனக்கு வரும் வண்டிகளில் மிகுதி இந்த வகைதான். நட்டு இறுக்கமாகவே இருக்கிறது. அது பிடிக்க வேண்டிய குழாயைத்தான் பிடிக்கவில்லை.

பின் தாங்கியைப் பாருங்கள். குழாயை அணைக்கும் இரண்டு துண்டுகளுக்கும் நடுவில் இருபுறமும் சிறு இடைவெளி தெரிய வேண்டும். இரண்டு துண்டுகளும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றால், உங்கள் வலு முழுதும் இரும்பை இரும்போடு இறுக்குவதில் போகிறது, குழாய் நடுவில் சும்மா இருக்கிறது. இந்தத் தாங்கிகள் ஒன்பது நூல் குழாய்க்கு, அதாவது 28.6 மி.மீ. விட்டத்துக்கு வார்க்கப்பட்டவை. குழாய் அதைவிட ஒல்லியாக இருந்தால் அலுமினியத் தகட்டையோ பித்தளைத் தகட்டையோ வெட்டிக் குழாயைச் சுற்றி வையுங்கள், இடைவெளி திரும்பத் தெரியும் வரை.

அடுத்து ரப்பர். சைக்கிள் டியூபை வெட்டித் தாங்கிக்குள் வைப்பது எல்லா ஊரிலும் இருக்கும் பழக்கம். அதிர்வைக் குடித்துக்கொள்ளும் என்று நம்பி வைக்கிறார்கள். நடப்பது வேறு. ரப்பர் நசுங்குகிறது, நசுங்கிய அளவு நட்டு தளர்கிறது, தளர்ந்த எஞ்சின் ஒவ்வொரு வெடிப்புக்கும் ஸ்டட்டை வளைத்து நிமிர்த்துகிறது. ரப்பர் வைத்த வண்டிகளில்தான் ஸ்டட் உடைந்து வருகிறது என்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். எடுத்து எறியுங்கள். இரும்பும் அலுமினியமும் நேருக்கு நேர் உட்காரட்டும். தாங்கி உட்காரும் இடத்தில் தடித்த பெயிண்ட் இருந்தாலும் இதே கதைதான். உப்புத்தாளால் தேய்த்து இரும்பு தெரியும்படி செய்து, துருப்பிடிக்காதிருக்க மெல்லிய பிரைமர் ஒரு பூச்சு மட்டும் கொடுங்கள்.

உட்கார்ந்ததா என்று பார்க்கும் சோதனை இது. தாங்கி படும் இடத்தில் குழாய் முழுதும் மார்க்கர் மையைத் தடவுங்கள். மை ஈரமாக இருக்கும்போதே தாங்கியை மாட்டி லேசாக இறுக்கிக் கழற்றுங்கள். தாங்கியின் உள்வளைவில் மை எங்கே ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். இரண்டு ஓரத்தில் மட்டும் மெல்லிய கோடாக இருந்தால் தாங்கியின் வளைவுக்குக் குழாய் பருமன். ஒரு மூலையில் பொட்டுப் போல் இருந்தால் தாங்கி சாய்ந்து உட்காருகிறது. அரைவட்ட அரத்தால் மை படிந்த மேட்டை மட்டும் ராவி, திரும்ப மை தடவி, திரும்ப மாட்டிப் பாருங்கள். வளைவின் பெரும்பகுதியில் மை பரவும் வரை இதைச் செய்யப் பொறுமை வேண்டும். வேறு எந்த வேலையிலும் அவசரப்படுங்கள், இதில் வேண்டாம்.

இறுக்கத்தின் அளவு: அலுமினியத்தில் ஏறும் 6 மி.மீ. ஸ்டட்டுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர், 8 மி.மீ. ஸ்டட்டுக்கு 18 முதல் 20. டார்க் ஸ்பேனர் இல்லையென்றால் நீளமான ஸ்பேனரைத் தொடாதீர்கள். குட்டை ஸ்பேனரில் மணிக்கட்டு வலுவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், உடல் எடையைப் போடாதீர்கள்.

அறிகுறி 2: பின்னால் சரியாக இருக்கிறது, முன்னால் இடைவெளி விழுகிறது

குரூசருக்கே உரிய தொல்லை இது. அதன் கீழ்க்குழாய் ஒன்பது நூலைவிடப் பருமன். சிலவற்றில் வளைந்தும் இருக்கும். முன் தாங்கியின் வளைவு அதில் ஏறாது. பலர் பின்னால் இறுக்கிவிட்டு, முன்னால் உள்ள இடைவெளியை நட்டின் வலுவால் இழுத்து மூடப் பார்க்கிறார்கள். அன்று மூடிக்கொள்ளும். அப்போது வளைவது ஸ்டட்தான். வளைந்த நிலையிலேயே அதிர்வை வாங்கும் ஸ்டட் அதிக நாள் உயிரோடு இருக்காது.

பரிசோதனை சுலபம். பின் தாங்கியை முழுதாக இறுக்குங்கள், முன் தாங்கியை முழுதாகத் தளர்த்துங்கள். இப்போது தாங்கிக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டை நுழைகிறதா? நுழையவில்லை என்றால் கவலை இல்லை.

அட்டை நுழைந்தால், முதலில் செலவில்லாத வழி. எஞ்சினைச் சீட்டுக்குக் கீழே உள்ள பின் குழாயில் கொஞ்சம் மேலேயோ கீழேயோ நகர்த்திப் பாருங்கள். இரண்டு குழாய்களும் கீழே நெருங்கி மேலே விரிகின்றன என்பதால், ஓர் அங்குலம் நகர்த்தினாலே இடைவெளி மாறும். பெடல் சுற்றும்போது எஞ்சினில் இடிக்காத வரை நகர்த்தலாம்.

அப்படியும் மீதி இடைவெளி 2 மி.மீ.க்குள் என்றால் அலுமினியத் தகடு போதும். அதற்கு மேல் போனால் லேத் பட்டறைக்குப் போக வேண்டும். ஓர் அலுமினியக் கட்டையை எடுத்து, ஒரு பக்கம் உங்கள் குழாயின் விட்டத்துக்கு வளைவு குடைந்து, மறுபக்கம் எஞ்சினின் முகத்துக்குச் சமதளமாக்கி, குழாயை முன்பக்கமிருந்து அணைக்க இன்னொரு வளைவுத் துண்டும் செய்து தரச் சொல்லுங்கள். ஓசூர் சிப்காட்டைச் சுற்றி இந்த வேலையை அரை நாளில் முடிக்கக்கூடிய சிறு பட்டறைகள் நிறைய. தருமபுரி, கிருஷ்ணகிரி லேத்துகளிலும் செய்வார்கள். குழாயின் விட்டத்தை வெர்னியரால் அளந்து எழுதிக் கொண்டுபோங்கள்.

மூன்று காரியங்களைத் தயவுசெய்து செய்யாதீர்கள். எஞ்சின் பெட்டியோடு வரும் பட்டைத் தகட்டைப் பூட்டுவதற்காகக் கீழ்க்குழாயில் துளை போடாதீர்கள். ஃப்ரேம் முதலில் விரிசல் விடும் இடம் அந்தத் துளைதான். ஓடும்போது கீழ்க்குழாய் விட்டுப்போனால் முன் சக்கரம் உங்களுக்குக் கீழேயே மடங்கும். மெல்லிய யு போல்ட்டை வெறுங்குழாயில் போட்டு இறுக்காதீர்கள். குழாய் உள்ளே நசுங்கும். மரக்கட்டை வைக்காதீர்கள்; வெயிலில் சுருங்கும், மழையில் ஊறும், நட்டு ஒருநாளும் நிற்காது.

அறிகுறி 3: ஸ்டட் உடைந்துவிட்டது, அல்லது மரை போய்விட்டது

முதலில் ஏன் உடைந்தது என்று கேளுங்கள். மேலே சொன்ன இரண்டு அறிகுறிகளில் ஒன்று இல்லாமல் ஸ்டட் உடைவது அரிது. காரணத்தை விட்டுவிட்டுப் புது ஸ்டட் போட்டால் அதுவும் உடையும்.

உடைந்த துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பூட்டு இடுக்கியால் பிடித்துத் திருகி எடுத்துவிடலாம். தளத்தோடு தளமாக உடைந்திருந்தால் வீட்டில் முயலாதீர்கள். டிரில் பிட் சறுக்கி அலுமினியத்துக்குள் பாய்ந்தால் எஞ்சின் உடலே வீணாகும். நடுப்புள்ளி அடித்து, இடப்பக்கம் சுற்றும் பிட்டால் குடையத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பெட்டியில் வரும் 6 மி.மீ. ஸ்டட்டுகள் பெரும்பாலும் மென்மையான இரும்பு. உடையாவிட்டாலும் அவற்றை 8 மி.மீ. ஆக மாற்றிவிடுவது என் பரிந்துரை. மரையில் சுமை தாங்கும் பரப்பு 20 சதுர மி.மீ.யிலிருந்து 36.6 சதுர மி.மீ.க்கு உயர்கிறது, ஏறக்குறைய இரண்டு மடங்கு. துளையை 6.8 மி.மீ. பிட்டால் பெரிதாக்கி, 1.25 மி.மீ. மரை இடைவெளி உள்ள 8 மி.மீ. டேப்பை (மரை வெட்டும் கருவியை) ஓட்ட வேண்டும். அலுமினியத்துக்குள் மரை குறைந்தது 12 மி.மீ. ஆழம் ஏற வேண்டும். கடையில் வாங்கும்போது 8.8 என்று முத்திரை குத்திய போல்ட்டையோ அதே தரத்து ஸ்டட்டையோ கேட்டு வாங்குங்கள். துளையைச் சுற்றிப் போதிய சதை இல்லாமல் ஓரம் மெல்லியதாக இருந்தால் பெரிதாக்காதீர்கள். கம்பிச்சுருள் மரை போட்டு அதே அளவில் வைத்துக்கொள்ளலாம். அதைப் பட்டறையில்தான் செய்ய வேண்டும்.

அறிகுறி 4: செயின் கழல்கிறது, அடிக்கிறது, கரகரக்கிறது

இந்த அறிகுறியைத்தான் நான் மிகவும் பயத்தோடு பார்ப்பேன். எஞ்சின் ஆடினால் எரிச்சல், அவ்வளவுதான். செயின் பின் சக்கரத்தில் சிக்கினால் சக்கரம் ஒரே நொடியில் நின்று, ஓட்டுகிறவர் தூக்கி எறியப்படுவார்.

முதலில் எஞ்சின் நகர்ந்ததா என்று குறுக்குக் கோட்டைப் பாருங்கள். நகர்ந்திருந்தால் முதல் அறிகுறிக்குத் திரும்புங்கள். செயினைத் தொட வேண்டியதே இல்லை.

நகரவில்லை என்றால் தொய்வைப் பாருங்கள். கீழ்ப்பக்கச் செயினை விரலால் தூக்கினால் நான்கு நூல், அதாவது அரை அங்குலம் ஏறி இறங்க வேண்டும். சக்கரத்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டே நான்கைந்து இடங்களில் பாருங்கள். ஓரிடத்தில் விறைப்பு, இன்னோரிடத்தில் தொங்கல் என்றால் குறை செயினில் இல்லை. பின் பல்சக்கரம் மையம் தப்பி உட்கார்ந்திருக்கிறது. போக்ஸ் கம்பிகளின் மேல் ரப்பர் வைத்து ஒன்பது போல்ட்டுகளால் பூட்டுகிற சக்கரம் இது. போல்ட்டுகளை வரிசையாக இறுக்கிக்கொண்டே போனால் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். எதிரெதிராக, ஒவ்வொன்றையும் கால் சுற்று மட்டும் இறுக்கிக்கொண்டு வாருங்கள். பின் முட்கரண்டியில் ஒரு கம்பியைப் பல்லுக்கு அருகில் கட்டிச் சக்கரத்தைச் சுற்றினால் பக்கவாட்டு ஆட்டம் கண்ணுக்குத் தெரியும். ஒரு மி.மீ.க்கு மேல் ஆடினால் திரும்ப இறுக்குங்கள். தாங்கியில் ரப்பர் கூடாது என்றேன். இங்கே ரப்பர் வேண்டும், கம்பியைக் காப்பாற்ற.

தொய்வும் சரி, ஆட்டமும் இல்லை, ஆனாலும் கழல்கிறது என்றால் செயின் ஓடும் நேர்க்கோடு பிசகியிருக்கிறது. எஞ்சின் பல்சக்கரத்தின் முகத்திலிருந்து பின் பல்சக்கரத்தின் முகத்துக்கு ஒரு சரடை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். சரடு இரண்டு முகத்திலும் முழுதாகப் படிய வேண்டும். குரூசரின் அகலமான டயர் காரணமாகப் பலர் பின் பல்சக்கரத்தை வெளியே தள்ளிவிடுவார்கள், கோடு போய்விடும். பல்சக்கரம் கிண்ணம் போல் குழிந்ததாக இருந்தால் திருப்பிப் போட்டே சரிசெய்யலாம். இல்லாவிட்டால் ஒல்லியான டயர்.

இனி, செயினின் தொய்வை எடுக்கும் டென்ஷனர் உருளை. பின் முட்கரண்டியின் கீழ்க்குழாயில் கிளாம்ப் போட்டுப் பூட்டுவார்கள். மொத்த வண்டியிலும் எனக்கு நம்பிக்கை இல்லாத ஒரே உதிரி இது. அந்தக் குழாய் நுனியை நோக்கிச் சிறுத்துப் போவதால் கிளாம்ப் மெல்ல வழுக்கி உள்பக்கம் திரும்பும். ஒருநாள் உருளை நேராகப் போக்ஸ் கம்பிக்குள் போகும். பின் அச்சை நகர்த்த நீளப் பிளவு உள்ள ஃப்ரேம் என்றால், செயினைக் கண்ணி பார்த்து வெட்டி, தேவையானால் அரைக் கண்ணி ஒன்று சேர்த்து, உருளையே இல்லாமல் ஓட்டுங்கள். வைத்தே ஆக வேண்டும் என்றால் உருளையின் தகட்டிலிருந்து பின் அச்சு நட்டு வரை ஓர் இரும்புப் பட்டை இணைத்துவிடுங்கள். பிறகு அது திரும்ப வழியில்லை. ஒவ்வொரு முறை ஏறும் முன்பும் உருளைக்கும் கம்பிக்கும் நடுவில் விரல் நுழைகிறதா என்று பாருங்கள்.

அறிகுறி 5: கைப்பிடி மரத்துப்போகும் அளவு அதிர்வு

எல்லா வேகத்திலும் அதிர்ந்தால் தாங்கி. முதல் இரண்டு அறிகுறிகளைப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் அதிர்ந்து, அதைத் தாண்டினால் அடங்கினால் அது எஞ்சினின் சுபாவம். அந்த வேகத்தில் நிலைத்து ஓட்டாதீர்கள், வேறு ஒன்றும் செய்ய வேண்டாம். நாளுக்கு நாள் அதிர்வு கூடினால் எஞ்சின் பல்சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. அது எஞ்சினைப் பிரிக்கும் வேலை, மெக்கானிக்கிடம் விடுங்கள்.

டங் டங்கென்று இரும்போசை மட்டும் வந்தால் சைலன்சர் ஃப்ரேமையோ பெடலையோ தொடுகிறது. எஞ்சினை நகர்த்திய பிறகு பெட்ரோல் வழிந்தால் கார்புரேட்டர் சாய்ந்திருக்கிறது. அதன் பிடிப்பைத் தளர்த்தி மட்டமாக்குங்கள்.

அறிகுறி 6: பெயிண்டில் மயிரிழை போல் ஒரு கோடு

ஓட்டுவதை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். அது கீறலா விரிசலா என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம். அந்த இடத்தைத் துடைத்து, மண்ணெண்ணெய் தடவிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். வறண்ட துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு மேலே சாக்பீஸ் பொடியைத் தூவுங்கள். கீறல் என்றால் பொடி வெள்ளையாகவே இருக்கும். விரிசல் என்றால் உள்ளே போன மண்ணெண்ணெய் கசிந்து வந்து பொடியின் மேல் ஈரக்கோடு ஒன்றை இழுத்துவிடும். முன் தாங்கியின் கீழ் விளிம்பு, கீழ்க்குழாய் தலைப்பகுதியோடு சேரும் மூட்டு, டென்ஷனர் கிளாம்ப் இருந்த இடம் மூன்றையும் தவறாமல் சோதியுங்கள்.

ஈரக்கோடு வந்தால் உங்கள் வேலை முடிந்தது. இனி கேஸ் வெல்டிங் தெரிந்தவரின் வேலை. மெல்லிய சைக்கிள் குழாயில் சாதாரண ஆர்க் வெல்டிங் வைத்தால் ஓட்டை விழும், அல்லது வெல்டிங்கின் ஓரத்தில் மறுபடி விடும். பித்தளை வைத்து ஒட்டி, மேலே இரும்பு உறை போடுவதே பழைய முறை. பெட்ரோல் தொட்டியையும் குழாயையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். அலுமினிய ஃப்ரேமில் விரிசல் என்றால் ஒட்டவே வேண்டாம். வெல்டிங் சூட்டில் அதன் வலு போய்விடும். எஞ்சினைக் கழற்றிக்கொண்டு ஃப்ரேமைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்.

பட்டறைக்குப் போகும் போது எஞ்சினை மட்டும் கோணிப்பையில் கட்டி எடுத்துப்போகிறவர்கள் அதிகம். சைக்கிளையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். மை சோதனை செய்த தாங்கியைத் துடைக்காமல் அப்படியே காட்டுங்கள். எந்தக் கோடு எந்தப் பக்கம் விலகியது என்பதைச் சொன்னால் லேத்துக்காரர் உங்களைக் கேள்வி கேட்க வேண்டியிருக்காது. கீழ்க்குழாயின் விட்டத்தைத் தாங்கி உட்காரும் இடத்திலேயே அளக்கச் சொல்லுங்கள்.